தெரியுது என்றாள் ஜெயபுஷ்பம்

ஜெயபுஷ்பத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அழுகையெல்லாம் அதற்குப் பிறகு. யார் மேல் கோபம் என்று கேட்டால் கம்பெனி மேல், டாக்டர் மேல், வில்சன் மேல், ஊர் மேல், சில நாள் அவள் மேலேயே. அவளைப் பெரிய உத்தமியாக்கிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அவள் வாயாடி. கஞ்சப் பிசினாறி. சர்ச்சில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் நிற்பவளிடம் புடவை எங்கே எடுத்தது என்று விசாரிப்பாள். ஆனால் அவள் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் என்று எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒற்றை வார்த்தை. அது அவளை என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆம்பூரில் தோலைப் பதப்படுத்திக் கப்பலேற்றிக்கொண்டிருந்த முதலாளிகள் எழுபதுகளின் நடுவில் ஷூ தைத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். எங்களைப் போன்ற பெண்களுக்கு அப்போதுதான் கதவு திறந்தது. அதற்கு முன்னால் தோல் ஷெட்டில் பெண்களுக்கு என்ன வேலை? கழித்துப் போட்ட மயிரைக் கூட்டி அள்ளுவது, சுண்ணாம்புத் தண்ணீர் சுமப்பது. ஷூ கம்பெனியில் அப்படியில்லை. மேஜை உண்டு, ஸ்டூல் உண்டு, தலைக்கு மேலே ஃபேன் உண்டு. நானும் புஷ்பமும் ஒரே வருஷம் சேர்ந்தோம். ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவள் புருஷன் ஜார்ஜ் மஞ்சள் காமாலையில் போன மறுமாசம் அது. இடுப்பில் இருந்து இறங்காத ஒரு பெண் குழந்தை, ஜெபராணி. அதைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள் புஷ்பம்.

எங்கள் வேலை ஷூவின் மேல்பாகத்துக்கு ஓரம் மடிப்பது. வெட்டி வந்த தோலின் ஓரத்தில் பசை தடவி, காய விட்டு, மடித்து, சின்னச் சுத்தியால் தட்ட வேண்டும். பசையை நாங்கள் 'சொல்யூஷன்' என்போம். தடவ பிரஷ் கொடுத்திருந்தார்கள். யாரும் பிரஷ்ஷைத் தொடுவதில்லை. பிரஷ்ஷில் எடுத்தால் ஓர் இடத்தில் கட்டியாகவும் ஓர் இடத்தில் காலியாகவும் விழும், மடிப்பு பிதுங்கும், சூப்பர்வைசர் தூக்கி மூஞ்சியில் எறிவார். விரலால் தொட்டு ஒரே இழுப்பு இழுத்தால் மெல்லிசாக, சீராக வரும். வேகமும் ஜாஸ்தி. அதில் புஷ்பத்தை அடிக்க ஆள் கிடையாது. வலது ஆள்காட்டி விரலால் அவள் ஒரு இழுப்பு இழுத்தால் கோடு போட்ட மாதிரி இருக்கும். வெளிநாட்டுக்காரன் யாராவது கம்பெனியைப் பார்க்க வந்தால் அவளைத்தான் செய்துகாட்டச் சொல்வார்கள். அவளும் கர்வமாகச் செய்துகாட்டுவாள்.

ஜன்னலைத் திறந்தால் தூசி பசையில் ஒட்டும் என்று எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். மத்தியானம் ஆனால் எல்லோருக்கும் தலை கிறுகிறு என்று வரும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரிப்போம். ஒருத்தி தும்மினால் மொத்த மேஜையும் விழுந்து விழுந்து சிரிக்கும். "நம்ம பொம்பளைங்க எவ்ளோ சந்தோஷமா வேலை செய்றாங்க பாருங்க" என்று மேனேஜர் வருகிறவர்களிடம் பெருமை பேசுவார். சந்தோஷமாம்! அந்த ஆளை ஒரு வாரம் அந்த ஸ்டூலில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

அப்படியே இருபது வருஷம் போல ஓடிற்று. புஷ்பத்துக்கு முதலில் வந்தது காலில்தான். ஒரு சாயங்காலம் வேலை விட்டு இருவரும் ரயில்வே கேட் தாண்டி நடந்து வந்துகொண்டிருந்தோம். ஜெபராணிக்கு நிச்சயம் பண்ணியிருந்த நேரம், அந்தப் பேச்சுதான். வீட்டு வாசலுக்கு வந்த பிறகு பார்க்கிறேன், அவள் ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது.

"ஏய், இன்னொண்ணு எங்கடி?" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. திரும்பிப் போய்த் தேடினோம். செருப்பு கேட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அவ்வளவு தூரமும் ஜல்லியில் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஒன்று ஏறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "பேச்சு மும்முரத்துல கவனிக்கல" என்றாள். நானும் நம்பினேன்.

அப்புறம் கை. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை என்றாள். காணிக்கைப் பையில் போட எடுத்த காசு விரலிலிருந்து நழுவி சர்ச் பூராவும் உருண்டது. ஒருநாள் தையல் மெஷினில் ஆள் குறைவு என்று அவளை உட்கார வைத்தார்கள். ஊசி விரலில் இறங்கிவிட்டது, அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டே போகிறாள். வெளுப்புத் தோலில் சிவப்பாகப் பரவியதைப் பார்த்துச் சூப்பர்வைசர் சம்பத் ஓடி வந்தார். "ஐயோ, பீஸ் போச்சே!" என்றுதான் அந்த மனுஷன் கத்தினார். விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் கை மரத்துப் போயிற்று என்றால் ஜனங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும், குஷ்டம். வாய் திறந்து பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'பெரிய வியாதி' என்பார்கள். மேஜையில் புஷ்பத்துக்குப் பக்கத்து ஸ்டூல் காலியானது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அவள் டம்ளர் தனியாக வைக்கப்பட்டது. கம்பெனி அவளைக் கூப்பிட்டு, "உடம்ப பாத்துக்கோம்மா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்றது. ரெஸ்ட் முடிந்து போனால் கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

அப்போதுதான் எங்கள் சங்கத்து நிசார் அஹமது வந்தார். பேரணாம்பட்டுக்காரர். முன்கோபி, ஆனால் மனசு சுத்தம். அவர் புஷ்பத்தின் வீட்டுக்கு வந்து, "புஷ்பம்மா, இது அந்த வியாதி இல்ல. வேற கம்பெனிலயும் பசை மேஜையில ரெண்டு பொம்பளைங்களுக்கு இதே மாதிரி இருக்கு. கேஸ் போடலாம். பசையாலதான் நரம்பு கெட்டதுன்னு ஒரு டாக்டர் எழுதிட்டா போதும், கம்பெனி தலையைக் குனிஞ்சே ஆகணும்" என்றார்.

புஷ்பம் கேட்டது ஒன்றைத்தான். "அப்பிடி எழுதிட்டா ஊர் வாய் மூடுமா பாய்?"

"மூடும்" என்றார் அவர்.

அதற்குத்தான் அவள் கேஸ் போட்டாள். நஷ்ட ஈடு வந்தால் நல்லது, வேலை திரும்பக் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரி. ஜெபராணிக்கு வாணியம்பாடியில் நல்ல இடமாக அமைந்திருந்தது. மாப்பிள்ளை கிருபானந்தம் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கிளார்க். தங்கமான பையன். ஆனால் அவன் அம்மாவுக்கு இந்தப் பேச்சு காதில் விழுந்தால் கல்யாணம் நடக்காது. அந்த அம்மாவின் கூடப்பிறந்த தம்பி யார் தெரியுமா? எங்கள் கம்பெனி டைம் ஆபீஸில் உட்கார்ந்திருந்த வில்சன். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவனே அவன்தான், அதனால் அதுவரைக்கும் அக்காவிடம் எதையும் சொல்லாமல் வைத்திருந்தான்.

சங்கத்து டாக்டர் ஒருவர் நரம்பு கெட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி டாக்டர் ஒருவர் ஒன்றுமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வேலூரில் கேஸை விசாரித்த ஆபீசர் இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவராக இல்லாத ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், அதுதான் முடிவு என்றார். நடுநிலை டாக்டர். கேட்கும்போது எவ்வளவு நன்றாக இருந்தது! நிசார் பாய்கூட, "இது போதும், நியாயம் கெடச்சிரும்" என்று சந்தோஷப்பட்டார்.

அந்த டாக்டர் பெயர் சுந்தரமூர்த்தி. சத்துவாச்சாரியில் ஹைவே ஓரமாகப் புதிதாக வீடு கட்டி, முன்னறையில் கிளினிக் வைத்திருந்தார். தெற்கே எங்கேயோ சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருந்து ரிட்டயராகி வந்தவர். நரம்பு, மூளை அடிபட்டவர்களைப் பரிசோதித்துக் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பதில் கெட்டிக்காரர் என்று சொன்னார்கள். லாரியில் அடிபட்டவன், மில்லில் விழுந்தவன், எல்லோரும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் கட்டோடு ஒருவன் தன் பெயரையே திரும்பத் திரும்பத் தன் பெண்டாட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளே போகும்போது ஒவ்வொரு கட்சிக்கும் ஓர் ஆள் கூடவே இருக்கலாம் என்றார் டாக்டர். பொம்பளை கூடப் பொம்பளை போகட்டும் என்று நிசார் பாய் என்னை அனுப்பினார். கம்பெனி சார்பில் யார் வந்திருப்பது என்று திரும்பிப் பார்க்கிறேன். வில்சன். எண்ணெய் தடவி வழித்து வாரிய தலையும் கையில் ஃபைலுமாக வில்சன்!

கம்பெனியில் ஆளா இல்லை? மேனேஜர் இருக்கிறார், சம்பத் இருக்கிறார், வக்கீல் குமாஸ்தா இருக்கிறார். சம்மந்தி வீட்டுத் தாய்மாமனைத் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள் என்றால் அது தற்செயலா? யார் யோசனையோ, எவன் மூளையோ, அவன் நன்றாக இருக்கட்டும்!

புஷ்பத்தை மேஜையில் படுக்க வைத்தார்கள். என்னை அவள் தலைமாட்டில் ஸ்டூலில் உட்காரச் சொன்னார் டாக்டர். வில்சன் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். டாக்டர் கடுமையானவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். முழங்காலைச் சின்னச் சுத்தியால் தட்டினார், கால் லேசாகத் துள்ளியது. பிறகு அவள் காது மடலைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். முழங்கையின் உள்பக்கத்து நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். "முதுகுல, தொடையில வெளுத்த தேமல் ஏதாவது இருக்கா? வீட்ல யாருக்காவது தோல் வியாதி இருந்ததா?" என்று கேட்டார்.

புஷ்பத்தின் முகம் செத்துப்போயிற்று. காது மடல், முழங்கை, தேமல். எங்கள் ஜில்லாவில் பிறந்த குழந்தைக்குக்கூட இது எந்தப் பரிசோதனை என்று தெரியும். வேறு வியாதி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் அவர் பார்த்திருப்பார். அதை ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புஷ்பம் கால்மாட்டில் நின்ற வில்சனைப் பார்த்தாள்.

"கண்ண மூடிக்கோங்க. நான் தொடற எடத்த நீங்க தொட்டுக் காட்டணும். ஊசியா, பஞ்சான்னும் சொல்லணும்" என்றார் டாக்டர்.

புஷ்பம் கண்ணை மூடினாள். டாக்டர் அவள் ஆள்காட்டி விரல் நுனியில் ஊசியால் குத்தினார். ஜாக்கெட் கொக்கி மாட்டத் தெரியாத விரல், தையல் ஊசி இறங்கியே தெரியாத விரல்.

"தெரியுதா?"

"தெரியுது. ஊசி" என்று இடது கையால் சரியாக அதே இடத்தைத் தொட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த விரல். "தெரியுது. பஞ்சு." கால் கட்டை விரல். "தெரியுது. ஊசி." ஒன்றுகூடத் தப்பவில்லை.

"ஏய் புஷ்பம், இன்னா சொல்ற நீ?" என்று எழுந்தேவிட்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "கூட வந்தவங்க பேசக்கூடாதும்மா. பேசினா, நோயாளிக்குச் சொல்லிக் குடுத்தாங்கன்னு நான் எழுத வேண்டி வரும். அது உங்க பக்கத்துக்குத்தான் கஷ்டம்" என்றார். அதுதான் நடுநிலை. நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் குத்திக்கொண்டே வந்தார், அவள் தெரியுது தெரியுது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வில்சன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேச வேண்டிய அவசியம் என்ன? வந்து நின்றதே போதும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவளைப் பிடித்து உலுக்கினேன். "ஏண்டி, எல்லாத்தையும் கெடுத்துட்டு வந்து நிக்கிறியே, உனுக்கு இன்னா பைத்தியமா? நெஜமாவே தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் தெரியல சுந்தரி. பாத்துத்தான் சொன்னேன்."

"கண்ண மூடினு இருந்தியே!"

"மூடற மாதிரி மூடல" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அந்தக் காலத்தில் சர்வேக்காரர்கள் வருவார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சட்டையைத் தூக்கித் தேமல் பார்ப்பார்கள். கண்ணை மூடச் சொல்லி, பறவை இறகாலோ பஞ்சாலோ தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வார்கள். புஷ்பம் பேரணாம்பட்டில் படித்தபோது அவள் பெஞ்சில் ரங்கம்மாள் என்று ஒரு பெண். நல்ல பெண், கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளதைச் சொன்னாளாம். மறுநாள் அவளைத் தனியாக மூலையில் உட்கார வைத்தார்கள். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அவள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், அப்புறம் அந்தக் குடும்பமே ஊரைவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை கண்ணை முழுதாக மூடும்? இமையை மூடி, இமைமயிர் இடுக்கு வழியாகப் பார்ப்பது. பார்த்துச் சரியாகச் சொல்வது. ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். நானும் அப்படிப் பார்த்தவள்தான், ஒரு தேமலும் இல்லாமலேயே பார்த்தேன். கண்ணைத் துணியால் கட்டாமல் எங்களைச் சோதிக்கவே கூடாது. பாவம், அந்த டாக்டர் வெளியூர்க்காரர், அவருக்கு இது எங்கே தெரியும்?

"வில்சன் நின்னுனு இருந்தான்" என்றாள் புஷ்பம். "நான் தெரியலன்னு சொன்னா, சாயங்காலத்துக்குள்ள வாணியம்பாடில அவங்க அக்காகிட்ட போய் இன்னா சொல்லுவான்? பசைன்னா சொல்லுவான்?"

"டாக்டர் பசைன்னு எழுதியிருப்பாரேடி!"

"எப்ப எழுதுவாரு? எழுதி, ஆபீசர் படிச்சு, தீர்ப்பு சொல்லி... அதுக்குள்ள என் பொண்ணு கல்யாணம் நின்னுடும் சுந்தரி. கேஸ் போனா போவட்டும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிசார் பாயிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை, அவளையும் திட்டவில்லை. "தோபா, தோபா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று மனுக் கொடுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட டாக்டர்தானே பார்த்தார், பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொண்டே இருக்க முடியுமா என்று ஆபீசர் கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. யார் செய்ததிலும் தப்பே இல்லை என்று வையுங்கள்.

அறிக்கை வந்தது. உணர்ச்சிக் குறைவு எங்கேயும் காணப்படவில்லை, ரசாயனப் பசையினால் பாதிப்பு எதுவும் இல்லை, நோயாளியின் புகார் உண்மையானதாகத் தோன்றவில்லை என்று எழுதியிருந்தார். கேஸ் தள்ளுபடியானது. கம்பெனியில் சம்பத் அதை மேஜை மேஜையாகப் படித்துக் காட்டினார். "பாத்தீங்களா, வேல செய்ய சோம்பேறித்தனம், நடிப்பு" என்றார். மற்ற கம்பெனிகளில் கை மரத்துப்போன பெண்கள் இரண்டு பேரும் சங்கத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நடிப்புக்காரி என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. நானும் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன், ஆனால் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டேன். மடிப்பு பிதுங்குகிறது என்று திட்டு வாங்கினேன்.

ஆனால் கல்யாணம் நின்றுபோகவில்லை. வில்சன்தான் போய் அக்காவிடம் சொல்லியிருக்கிறான், "நான் நேர்ல பாத்தேன், எல்லாம் சரியா சொன்னாங்க, ஒரு வியாதியும் இல்ல" என்று. புஷ்பம் என்னைப் பார்த்து, "பாத்தியா?" என்பது போலக் கண்ணைச் சிமிட்டினாள். அன்றைக்கு அவள் ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

கல்யாணம் முடிந்து சர்ச் ஹாலில் பிரியாணி. சாப்பாடு முடிந்ததும் சம்மந்தி வீட்டார் உட்கார்ந்த இடத்துக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. கொதிக்கக் கொதிக்க. வாங்கியவர்கள் எல்லோரும் முந்தானையால் பிடித்தார்கள், விளிம்பை இரண்டு விரலால் தூக்கி ஊதினார்கள். சிலர் அப்படியே தரையில் வைத்துவிட்டார்கள். புஷ்பம் மட்டும் உள்ளங்கையை முழுதாக மூடிப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு, சம்மந்தியம்மாவிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், ஜெபராணி சின்ன வயசில் செய்த குறும்புகளையெல்லாம். நான் எதிர் வரிசையில் பந்தி பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஓடி வருவதற்குள் சம்மந்தியம்மா பார்த்துவிட்டார். பேச்சைக் கேட்டுக்கொண்டே அந்தக் கையையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பம் டம்ளரைக் கீழே வைத்தபோது உள்ளங்கை பூராவும் கொப்புளம்.

"சுடலியா உங்களுக்கு?" என்றார் சம்மந்தியம்மா.

புஷ்பம் கையைப் பார்த்தாள். "சுட்டுது. பேச்சு மும்முரத்துல..." என்று இழுத்தாள்.

வில்சன் பக்கத்தில்தான் இருந்தான். ஹாலுக்கு வெளியே அக்காவும் தம்பியும் நின்று பேசியதை நான் என் காதால் கேட்டேன். "பசையாலன்னு கேஸ் போட்டாங்கல்ல?" என்றார் அந்த அம்மா. "பசையால ஒண்ணும் இல்லன்னுதான் டாக்டர் எழுதிட்டாரேக்கா" என்றான் அவன். அந்த அம்மா, "அப்ப இது இன்னாடா?" என்றார்.

அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே காகிதத்தைத்தான் புஷ்பம் சத்துவாச்சாரியில் எழுதவிடாமல் செய்துவிட்டு வந்திருந்தாள்.

மறுவீட்டுக்கு ஜெபராணியை ஒரே நாள் அனுப்பினார்கள், சாப்பிடாமல் திரும்பி வர வேண்டும் என்ற கண்டிப்போடு. அவள் உண்டானபோது வளைகாப்புக்குப் புஷ்பத்துக்குச் சொல்லி அனுப்பவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். "எங்க ஊர்லயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கு" என்றானாம் மாப்பிள்ளை. தங்கமான பையன்தான், அம்மா பேச்சைத் தட்டாத தங்கம். ஜெபராணி இரண்டு தடவை சண்டை போட்டுப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டதோ என்னவோ, பேசாமல் இருந்துவிட்டாள்.

குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்ட மறுநாள் புஷ்பம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "என்கூட வர்றியா? நான் அந்த ஆஸ்பத்திரிக்கே போறேன்" என்றாள். எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்கவில்லை. பெரிய வியாதிக்காரர்களைப் பார்க்கிற ஆஸ்பத்திரி எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முக்காடு போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

அங்கே ஒரு பெண் அவளை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொன்னது. இந்தத் தடவை புஷ்பம் கண்ணை எப்படி மூடினாள் தெரியுமா? நெற்றி சுருங்க, கன்னம் சுருங்க, குழந்தை மருந்து குடிக்கிற மாதிரி. "தெரியுதா?" "தெரியல." "இது?" "தெரியல." ஒவ்வொன்றுக்கும் கண்ணீர் இறங்கியது, ஆனாலும் இமையைத் திறக்கவில்லை. டாக்டர் வந்து எல்லாவற்றையும் பார்த்தார், காது மடலில் லேசாகக் கீறி எடுத்துச் சோதித்தார், மறுபடி வரச் சொன்னார். போனோம். கடைசியில், "உங்களுக்கு அந்த நோய் இல்லம்மா. துளியும் இல்ல. நீங்க பசைல வேல செஞ்சதா சொன்னீங்கல்ல, அதுல இருக்கற ரசாயனம்தான் நரம்பைக் கெடுத்திருக்கு. வேலையை விட்டுட்டதால கொஞ்சம் கொஞ்சமா திரும்பலாம், முழுசா வராது" என்றார்.

"இத எழுதிக் குடுப்பீங்களா சார்?"

அவர் எழுதிக் கொடுத்தார். கேஸ் முடிந்துபோன பிறகு, எந்தப் பக்கமும் சேராமல் நியாயத்தை எழுதிக் கொடுத்த ஒரே மனுஷர். புஷ்பம் அந்தக் காகிதத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வழி நெடுகப் பேசினாள், பழைய மாதிரி, முன் சீட்டுக்காரியின் புடவையைப் பற்றிக்கூட. வீட்டுக்கே போகவில்லை. நேராக வாணியம்பாடி.

சம்மந்தியம்மா வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. புஷ்பம் காகிதத்தை எடுத்து நீட்டினாள். "படிச்சுப் பாருங்க சம்மந்தி. எனக்கு அது இல்லன்னு பெரிய டாக்டரே எழுதியிருக்காரு."

அந்த அம்மா காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. எட்டிப் பார்த்தார். மேலே ஆஸ்பத்திரியின் பெயர் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. அந்த ஒரு வரிக்கு மேல் அவர் கண் கீழே இறங்கவில்லை.

"அங்க வரைக்கும் போய்ட்டு வந்துட்டீங்களா?" என்றார். ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். "எங்க வூட்டுக்கு நேரா வந்துட்டீங்களே!"

"சும்மா போனாங்களா? இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான் போனாங்க. கீழ படிங்க முதல்ல!" என்று நான் கத்தினேன். தெருவில் நாலு பேர் வெளியே வந்துவிட்டார்கள். வந்தவர்களும் காகிதத்தின் மேல் வரியைத்தான் பார்த்தார்கள். அப்புறம் கதவு சாத்தப்பட்டது.

வீட்டுக்கு வந்து புஷ்பம் அந்தத் தலைப்பை மட்டும் கிழித்துப் பார்த்தாள். கிழித்த பிறகு மீதியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். யார் கொடுத்தது என்று தெரியாத காகிதத்துக்கு என்ன மரியாதை? பெயர் இருந்தால் விரட்டும், பெயர் இல்லாவிட்டால் செல்லாது. அடுப்பில் போட்டாள்.

கடைசியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு கிறிஸ்மஸ்ஸுக்கு ஜெபராணி, புருஷன், மாமியார் எல்லோரும் ஆம்பூரில் எங்கள் சர்ச்சுக்கே வந்திருந்தார்கள். ஆராதனை முடிந்து மாமியார் எங்கள் போதகர் ஐயரிடம் பேசிக்கொண்டிருந்த சமயம், ஜெபராணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் பின் வாசலுக்கு வந்தாள். அங்கே நானும் புஷ்பமும் நின்றிருந்தோம். புஷ்பம் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள், வாங்கப் பயம்.

"குடும்மா கைய" என்றாள் ஜெபராணி.

புஷ்பம் மெதுவாக ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டினாள். வெளிநாட்டுக்காரர்கள் பார்த்து மெச்சிய அதே விரல். குழந்தை அதை எட்டிப் பிடித்து இறுக்கிக்கொண்டது.

"எவ்ளோ கெட்டியா புடிக்கிறான் பாரு! தெரியுதாம்மா?" என்று கேட்டாள் ஜெபராணி.

புஷ்பம் குனிந்து, அந்தப் பிஞ்சு விரல்கள் தன் விரலைச் சுற்றி மூடியிருப்பதை நன்றாகப் பார்த்தாள்.

"தெரியுது" என்றாள்.